கடைசியில் பனியன் கம்பெனிக்குத்தானே என்பவர்களுக்கு

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து பொறியியல் கலந்தாய்வு முடியும் வரை திருப்பூரில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். பிள்ளை மெக்கானிக்கல் என்று வாயெடுத்தால் மாமா மறிக்கிறார். பயோமெடிக்கல் என்றால் சித்தப்பா சிரிக்கிறார். "மெக்கானிக்கல் படிச்சு என்ன பண்றதுங்க, கடைசியில பனியன் கம்பெனிக்குத்தானே வரோணும்? அதுக்கு எதுக்கு நாலு வருசம்?" என்பது ஒன்று. "பயோமெடிக்கல்னா ஆஸ்பத்திரியில மெசின் ரிப்பேர் பாக்கற வேலைங்க" என்பது அடுத்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன் என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் தீர்ப்பு இன்னும் வேகமாக வருகிறது: "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்." முடிவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அது கிடைக்காவிட்டால் ஏஐ என்றோ டேட்டா சயின்ஸ் என்றோ பெயர் ஒட்டிய இன்னொரு பிரிவு.

இப்படிப் பேசுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். துணியை விரலால் தொட்டே அதன் எடையை, ஜிஎஸ்எம்மை, சொல்லக்கூடியவர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட காலத்தைத் தாண்டியவர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா போட்ட 50 விழுக்காடு வரியில் ஆர்டர் நின்றபோதும் கடையைச் சாத்தாதவர்கள். தான் பட்ட பாட்டைப் பிள்ளையும் படக் கூடாது என்ற அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அவர்கள் சொல்வது தவறு. வேறோர் ஊரில் சொன்னால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். திருப்பூரில், பல்லடத்தில், அவினாசியில் இருந்துகொண்டு சொல்லும்போது அது முழுத் தவறு. மெஷினும் மனித உடம்பும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில்தான் இந்த ஊரின் தொழிலே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் போதாததால்தான் ஒரே டீ-ஷர்ட்டை ஆண்டுக்கு ஆண்டு இன்னும் கொஞ்சம் மலிவாகத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் நம் கண்ணெதிரே இருப்பதைப் பார்ப்போம். நிட்டிங் யூனிட்டில் ஃபிட்டர் நாள் முழுக்கக் கவலைப்படுவது ஒரு விஷயத்தைப் பற்றித்தான்: லூப் லெங்த். சிங்கிள் ஜெர்சியில் ஒரு வளையத்துக்கு 2.7 மில்லிமீட்டர் நூல் போகிறதா, 2.9 போகிறதா என்பதில் துணியின் எடை, சுருக்கம், இழுவை எல்லாம் மாறிவிடும். ஃபீடரைத் திருகுகிறார், கேமை இறக்குகிறார், லைக்ராவின் இழுப்பைக் கூட்டுகிறார். பிறகு வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தராசில் வைக்கிறார்கள். எடை தெரிந்துவிட்டது, வேலை முடிந்துவிட்டது. அந்தத் துணியை ஒரு மனிதரின் காலில் மாட்டினால் அது சதையை எவ்வளவு அழுத்தும் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அந்த யூனிட்டில் கருவியும் இல்லை, கேள்வி கேட்கிற ஆளும் இல்லை.

அந்தக் கேள்விக்கு உலகச் சந்தையில் விலை இருக்கிறது. நாளெல்லாம் நின்றபடி வேலை செய்கிறவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதை எல்லாரும் பார்த்திருப்போம். செக்கிங் டேபிளிலும் அயர்ன் மேசையிலும் நிற்கும் நம் ஊர்ப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் அது புதிதல்ல. அதற்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் அழுத்தக் காலுறை ஒரு பின்னல் துணிதான். ஐரோப்பாவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஜெர்மானிய வகைப்பாட்டில் இரண்டாம் வகுப்புக் காலுறை கணுக்காலில் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்த வேண்டும்; மேலே போகப் போக அழுத்தம் குறைந்துகொண்டே வர வேண்டும். அப்போதுதான் தேங்கிய இரத்தம் இதயத்தை நோக்கி ஏறும். இதில் உள்ள கணக்கு லாப்லாஸ் விதி: துணியின் இழுவிசையை அது சுற்றியிருக்கும் பகுதியின் ஆரத்தால் வகுத்தால் அழுத்தம். கணுக்கால் ஒல்லி, கெண்டைக்கால் பருமன். ஒரே இழுவையில் பின்னினாலே ஒல்லியான இடத்தில் அழுத்தம் கூடிவிடும். அதற்கு மேல் எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும், ஐம்பது முறை துவைத்த பிறகும் லைக்ரா அந்த இழுவையைத் தக்கவைக்குமா என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். இழுவிசை மெக்கானிக்கல் பாடம். நாளத்தின் சுவரும் வால்வும் பயோமெடிக்கல் பாடம். இரண்டும் சந்திப்பது லூப் லெங்த்தில், அதாவது நம் ஃபிட்டர் திருகிக்கொண்டிருக்கும் அதே திருகில்.

இதையே தீக்காயத்துக்கும் சொல்லலாம். காயம் ஆறியபின் தழும்பு தடித்து எழாமலிருக்க மாதக்கணக்கில் அணியும் அழுத்த உடை அளவெடுத்துத் தைத்த பின்னல் உடை. யானைக்கால் வீக்கத்துக்குக் கட்டுவதும் அழுத்தத் துணி. குடலிறக்க அறுவைக்குப் பின் வயிற்றுச் சுவரில் வைத்துத் தைக்கும் வலை பாலிப்ரொப்பிலீன் இழையில் பின்னிய வலை. சர்க்கரை நோயில் காலை இழந்தவர் செயற்கைக் காலை மாட்டுவதற்கு முன் எஞ்சிய காலில் இழுத்துவிடும் உறை, பனியனின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். இவையெல்லாம் திருப்பூருக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால், அவர் திருப்பூரையும் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரியையும் பார்க்கவில்லை.

பின்னலும் மருத்துவமும் சேர்ந்த கதைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி என்ற இதய அறுவை மருத்துவர் 1950களின் தொடக்கத்தில் வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்த பெருந்தமனிக்கு மாற்றுக் குழாய் தேடிக்கொண்டிருந்தார். நைலான் வாங்கக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துவிட்டிருந்தது, டாக்ரான் என்ற பாலியெஸ்டர் துணி இருந்தது, அதை வாங்கி வந்தார். சிறுவயதில் அம்மாவிடம் தையல் கற்றவர். மனைவியின் தையல் மெஷினில் அந்தத் துணியைக் குழாயாகத் தைத்து, 1954 இல் ஒரு நோயாளியின் வயிற்றுத் தமனியில் வைத்தார். இதுவரையிலான கதை பலருக்குத் தெரியும். ஒரு மேதை இருந்தால் போதும், படிப்பெல்லாம் வேண்டாம் என்று சொல்வதற்கே இதை எடுத்துக்காட்டுவார்கள். அதற்குப் பின் நடந்ததை யாரும் சொல்வதில்லை.

வீட்டு மெஷினில் தைத்த குழாயில் தையல் இருக்கும், வெட்டிய ஓரம் பிரியும், கிளைபிரியும் தமனிக்கு ஏற்ற வடிவமும் வராது. டிபேக்கி பிலடெல்பியாவின் ஜவுளிக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் எட்மன் என்பவரோடு சேர்ந்தார். தையலே இல்லாத டாக்ரான் குழாயைப் பல அளவில் பின்னித்தரும் புது நிட்டிங் மெஷின் அப்படித்தான் பிறந்தது. பிறகும் பிரச்சினைகள் வந்தன. வளைத்தால் குழாய் மடிந்து அடைத்துக்கொண்டது. ஆகவே மடிப்பு மடிப்பாகச் சுருக்கினார்கள். பின்னலின் கண்கள் வழியே இரத்தம் கசிந்தது; ஆகவே நோயாளியின் இரத்தத்திலேயே நனைத்து உறையவைத்துப் பிறகு பொருத்தினார்கள். கண்ணை அறவே அடைத்துவிடவும் முடியாது. உடம்பின் திசு உள்ளே வேர்விட அந்தக் கண்கள் வேண்டும். ஆண்டுகள் போக, நம் ஊர் மெஷினில் ஓடுவது போன்ற குறுக்குப் பின்னலில் செய்த குழாய்கள் விரிந்துகொடுத்தன. நெடுக்குப் பின்னல் அதைவிட நன்றாகத் தாங்கியது. கசிவு, விரிவு, மடிப்பு, திசு வளர்ச்சி என்று ஒவ்வொரு கேள்வியிலும் பாதி மெஷினுடையது, பாதி உடம்புடையது. இரண்டு பாதியையும் ஒருவரே புரிந்துகொண்டால் எத்தனை ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாளைக் காலை திருப்பூர் காதர்பேட்டையில் இரத்தக்குழாய் பின்னலாம் என்று நான் சொல்லவில்லை. நம்மிடம் இருக்கும் மெஷினுக்கும் அதற்கு வேண்டிய மெஷினுக்கும் என்ன வேறுபாடு என்று சொல்லத் தெரிந்த நூறு பேர் இந்த மாவட்டத்தில் வேண்டும் என்கிறேன்.

தொலைவில் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லி மயக்குகிறேன் என்று நினைப்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் என்ற அறுவை மருத்துவரும் ஜி. எஸ். புவனேஸ்வர் முதலான பொறியாளர்களும் சேர்ந்து இந்தியாவிலேயே இதய வால்வு செய்தார்கள். முதல் மாதிரிகள் தோற்றன. ஒன்றில் உலோகம் தேய்ந்தது, ஒன்றில் தட்டு உடைந்தது. நான்காவது மாதிரி நின்றது: கோபால்ட் உலோகக் கலவையில் கூடு, பாலியெத்திலீனில் சாயும் தட்டு, அதைச் சுற்றிப் பாலியெஸ்டர் பின்னல் துணியில் ஒரு வளையம். அறுவை மருத்துவர் ஊசி போட்டு இதயத் தசையோடு சேர்த்துத் தைப்பது அந்தப் பின்னல் வளையத்தைத்தான். 1990 டிசம்பர் 6 அன்று அந்த வால்வு முதல்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தியிருக்கிறார்கள். வெளிநாட்டு வால்வைவிட விலையும் வெகுவாகக் குறைவு. அதில் உலோகம் படித்தவரும், தேய்மானம் படித்தவரும், இரத்தம் எப்படி உறைகிறது என்று படித்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். 'ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்' என்று கேலி செய்யப்படும் படிப்பு அதுதான்.

இனி நாமே வாழ்ந்து பார்த்த ஒன்றுக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மருத்துவர்களுக்கான முழுக் கவச உடையை இந்தியா ஏறக்குறைய செய்யவே இல்லை. மே மாதத்தில் நாளொன்றுக்கு 2 லட்சத்தைத் தாண்டிச் செய்தது. திருப்பூரும் கோவையும் அதில் முன்னணியில் நின்றன. தையல் மெஷின் இருந்தது, ஆள் இருந்தார்கள், துணி தேடிப் பிடித்தோம். ஆனால் தைத்ததும் விற்க முடியாது. கோவை அவினாசி ரோட்டில் இருக்கும் சிட்ராவுக்கு, 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையத்துக்கு, மாதிரியை அனுப்ப வேண்டும். அங்கே செயற்கை இரத்தத்தைத் துணியின் ஒரு பக்கம் வைத்து அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவார்கள்: 1.75 கிலோபாஸ்கல், 3.5, 7, 14, 20. மறுபக்கம் ஒரு சொட்டு தெரிந்தாலும் அந்தப் படியில் தோல்வி.

துணி தாங்கும். தையல் தாங்காது. ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டை. நூறு ஆண்டாகத் தையலை அழகாகவும் வேகமாகவும் போடக் கற்ற ஊருக்கு, போட்ட தையலே ஓட்டை என்ற பாடம் அப்போதுதான் வந்தது. அதை அடைக்கத் தையலின்மேல் ஒட்டுப்பட்டியைக் கடுஞ்சூடான காற்றால் உருக்கி உருளையால் அழுத்தும் மெஷின் வேண்டும். மெஷினுக்கும் பட்டிக்கும் நாடெங்கும் தட்டுப்பாடு. கிடைத்த பிறகும் சிக்கல் தீரவில்லை. காற்றின் சூடு, பட்டி ஓடும் வேகம், உருளையின் அழுத்தம் என மூன்று எண்கள் ஒத்துவர வேண்டும். சூடு கூடினால் துணியின் மேல் உள்ள மெல்லிய படலம் சுருங்கிக் கிழியும். குறைந்தால் பசை ஊசித் துளைக்குள் இறங்காது. பார்வைக்கு ஒட்டியது போலிருக்கும், இரத்தச் சோதனையில் தோற்கும். இது கையால் தொட்டுச் சொல்லக்கூடிய விஷயம் அல்ல. வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது, பசை எந்தச் சூட்டில் இளகுகிறது, ஒரு வைரஸ் எவ்வளவு சிறியது, வார்டில் ஒரு செவிலியர் குனிந்து நிமிரும்போது அக்குளில் துணி எவ்வளவு இழுபடுகிறது என்று தெரிந்தவர் வேண்டும். அந்த மாதங்களில் இந்த ஊரில் தேடித் தேடிக் கிடைக்காத ஆள், எந்தப் படிப்பு வேண்டாம் என்று ஒவ்வொரு ஜூனிலும் நாம் தடுக்கிறோமோ அதைப் படித்த ஆள்.

ஆர்டர் வற்றியதும் பெரும்பாலோர் பழைய டீ-ஷர்ட்டுக்குத் திரும்பிவிட்டோம். சந்தை விழுந்தது உண்மை. ஆனால் மருத்துவத் துணி என்பது கவச உடையோடு முடிகிற சந்தை அல்ல. இந்தியா தன் மருத்துவக் கருவித் தேவையில் பெரும்பகுதியை இன்னும் இறக்குமதி செய்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. ஆபத்தின் அளவைப் பொறுத்து நான்கு வகுப்பாகப் பிரித்து உரிமம் தருகிறார்கள். அதே ஆண்டு தொழில்நுட்ப ஜவுளிக்கென்று மத்திய அரசு 1,480 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. பணமும் சட்டமும் வந்து நிற்கின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில், அந்த உரிமத்துக்கான கோப்பை எழுதி, சோதனையைத் திட்டமிட்டு, தோல்வி வந்தால் காரணம் கண்டுபிடிக்கக்கூடிய பொறியாளர் எத்தனை கம்பெனியில் இருக்கிறார்? மெர்சண்டைசர் இருக்கிறார். குவாலிட்டி கன்ட்ரோலர் இருக்கிறார். இவர் இல்லை.

'பனியன் கம்பெனிக்குத்தானே வரோணும்' என்பதில் உள்ள 'தானே'யைத்தான் நான் எதிர்க்கிறேன். ஆம், வரட்டும். வந்து இதைச் செய்யட்டும்.

இந்த இடத்தில் ஒருவர் பெயரைச் சொல்லி மடக்குவார்கள்: அருணாசலம் முருகானந்தம். கோவையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர், மலிவான சானிட்டரி நாப்கின் மெஷினைச் செய்து உலகம் முழுக்கப் பேசப்பட்டவர், 2016 இல் பத்மஸ்ரீ பெற்றவர். "அவரு இன்ஜினியரிங் படிச்சாருங்களா?" என்கிறார்கள். அவர்மீது எனக்குள்ள மதிப்பு இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு இருப்பதைவிடக் குறைந்ததல்ல. அதனால்தான் அவர் பட்ட பாட்டை முழுசாகச் சொல்ல வேண்டும் என்கிறேன். பஞ்சை வைத்துச் செய்து பார்த்துத் தோற்றார். பெரிய கம்பெனியின் நாப்கினுக்குள் இருப்பது பஞ்சே அல்ல, மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு ஆண்டுக்கு மேலாயிற்று. அந்தக் காலத்தில் ஊர் அவரை ஒதுக்கியது, குடும்பம் பிரிந்தது. உறிஞ்சும் நார்களைப் பற்றிய ஒரு வகுப்பு, ஓர் ஆய்வகம், கேட்டால் பதில் சொல்ல ஒரு பேராசிரியர் இருந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டு அவருக்கு மிஞ்சியிருக்கும். அவருடைய பிடிவாதம் கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது. மற்றவர்களுக்குக் கல்லூரி வேண்டும்.

'ஆஸ்பத்திரியில மெசின் ரிப்பேர்' என்ற இளக்காரத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ரிப்பேர் கேவலமா? நிட்டிங் மெஷினுக்கு ஊசி உடைந்தால் நள்ளிரவில் ஃபிட்டர் வீட்டுக்கு வண்டி அனுப்புகிற ஊர் இது. தேசிய நலவாழ்வு இயக்கம் நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் கணக்கெடுத்தபோது, மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 விழுக்காடு வரை கருவிகள் ஓடாமல் கிடந்தன. குறைமாதக் குழந்தைக்கான வெப்பப்பெட்டியும் வென்டிலேட்டரும் மூலையில் தூசி படிந்து கிடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. 2022 ஜனவரி முதல் நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டயாலிசிஸ் பிரிவுக்கு வேண்டிய தண்ணீர் ஆர்ஓ சவ்வு வழியே வருகிறது. நொய்யல் ஆற்றைக் கெடுத்த பாவத்துக்காகத் திருப்பூர் சாயப்பட்டறைகள் கற்றுக்கொண்ட அதே சவ்வு, அதே பம்பு, அதே அழுத்தக் கணக்கு. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்ஓ ஓட்டத் தெரிந்த ஊருக்கு டயாலிசிஸ் தண்ணீர் ஓட்டத் தெரியாது என்று யார் சொன்னது? உப்பைப் பிரிப்பது மட்டும் போதாது, நுண்ணுயிர் நச்சும் இருக்கக் கூடாது என்கிற அந்த ஒரு படியை ஏறத்தான் பயோமெடிக்கல் வேண்டும்.

சம்பளப் பேச்சைத் தட்டிக்கழிக்க மாட்டேன். மெக்கானிக்கல் படித்தவருக்கும் பயோமெடிக்கல் படித்தவருக்கும் முதல் வேலையில் கிடைப்பது குறைவுதான். கடன் வாங்கிப் படிக்கவைத்த வீட்டுக்கு அது வலிக்கும். ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம்? பெரிய ஐடி கம்பெனிகள் கும்பலாக எடுக்கும் புதியவர்களுக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் தருகின்றன. பல ஆண்டுகளாக அந்த எண் அசையவில்லை. 2025 இல் டிசிஎஸ் சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைப்பதாகச் சொன்னது. கோடிங்கில் உண்மையான விருப்பமுள்ள பிள்ளை அதைப் படிக்கட்டும். எனக்கு அதில் வழக்கில்லை. விருப்பமே இல்லாத பிள்ளையை, மெஷினைப் பிரித்துப் பார்க்கத் துடிக்கும் பிள்ளையை, மாமா சொன்னார் என்று அங்கே தள்ளுவதைத்தான் தடுக்கச் சொல்கிறேன்.

இன்னொன்றும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். பயோமெடிக்கல் என்று பலகை மாட்டிய எல்லாக் கல்லூரியிலும் பயோமெடிக்கல் இல்லை. பழைய ஈசிஜி மெஷின் இரண்டும் பூட்டிய ஆய்வகமுமாக நான்கு ஆண்டை ஓட்டிவிடும் இடங்கள் உண்டு. அங்கே சேர்ந்த பிள்ளை ஏமாந்தால் குற்றம் படிப்பின் மீதல்ல, அந்தப் பலகையின் மீது. இந்த வட்டாரத்தில் என்னைக் கேட்டால் மெக்கானிக்கலை முதன்மையாக எடுத்துக்கொண்டு, பயோமெடிக்கலை மைனராகவோ மேற்படிப்பாகவோ சேர்ப்பதே நல்லது என்பேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகளில் கூடுதல் பாடங்கள் எடுத்து மைனர் பெற வழி வைத்தார்கள். விசை, வெப்பம், பொருள் வலிமை, தேய்மானம் ஆகியவற்றில் அடித்தளம் உறுதியாக இருந்தால் உடலியலை அதன்மேல் ஏற்றலாம். பயோமெடிக்கலையே முதலில் எடுக்கிறவர் கல்லூரிக்குப் பக்கத்தில் உண்மையான மருத்துவமனை இருக்கிறதா, மாணவரை உள்ளே விடுகிறார்களா என்று பார்த்துச் சேர வேண்டும். கோவை பீளமேட்டில் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியும் பிஎஸ்ஜி மருத்துவமனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அந்தக் கல்லூரிக்குள்ளேயே மெக்கானிக்கல், ஜவுளி, பயோமெடிக்கல் மூன்று துறையும் உண்டு. சிட்ராவும் அதே ரோட்டில். திருப்பூரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். இப்படி எல்லாம் ஒரே ரோட்டில் அமைந்த இடம் இந்தியாவில் வேறெத்தனை இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சென்னை ஐஐடி தன் பழைய பயன்பாட்டு இயந்திரவியல் துறையின் பெயரிலேயே பயோமெடிக்கலைச் சேர்த்துவிட்டது. அங்கே மெக்கானிக்கல் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் மறுவாழ்வுக் கருவி மையத்திலிருந்துதான் நிற்கவைக்கும் சக்கர நாற்காலி 2019 இலும், 'கதம்' என்ற செயற்கை முழங்கால் 2022 இலும் வந்தன. அந்தச் செயற்கை முழங்கால் நான்கு தண்டு இணைப்பு; மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டில் எல்லாரும் வரைந்து பார்ப்பது. அதை வயல் வரப்பில் நடக்க வேண்டியவர் காலில் பொருத்தத் தெரிவதுதான் கூடுதல் படிப்பு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப்படும் காரணத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இந்த ஊரில் லட்சக்கணக்கானோர் உடம்பை வைத்து வேலை செய்கிறார்கள். பவர் டேபிளில் முதுகு சாயாத ஸ்டூலில் ஒன்றரை ஷிப்ட் உட்காரும் டெய்லரின் இடுப்பு, ஓவர்லாக்கில் ஊசி ஏறிய விரல், காம்பேக்டிங் மெஷினின் வெக்கையில் நிற்பவரின் நாடித்துடிப்பு, ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசி இறங்கிய நுரையீரல். வார விடுமுறை கழிந்து மில்லுக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும் அந்த நோய்க்கு மருத்துவத்தில் பைசினோசிஸ் என்று பெயர் வைத்து எத்தனையோ காலமாகிவிட்டது. மெஷினுக்கு எண்ணெய் எப்போது போட வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனியிலும் சுவரில் அட்டவணை தொங்குகிறது. அதை ஓட்டுகிறவரின் மணிக்கட்டு ஒரு நாளில் எத்தனை முறை திரும்புகிறது, ஸ்டூலை எவ்வளவு உயர்த்தினால் கழுத்து வலி குறையும், தூசியை உறிஞ்சும் குழாயை எங்கே வைத்தால் மூச்சு தப்பும் என்று அளக்கிறவர் யாரும் இல்லை. அளக்கக் கற்றுக்கொடுப்பது இந்தப் படிப்பு. அந்த டெய்லரின் மகளே இதைப் படித்துவிட்டு வந்து அம்மாவின் ஸ்டூலை மாற்றினால், அதை வெட்டி வேலை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆகவே கம்பெனி முதலாளிகளிடம் ஒரு கோரிக்கை. இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் கேட்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஓடாமல் நிற்கும் விட்டம் சிறிய நிட்டிங் மெஷின் ஒன்றையும், ஃபிட்டர் ஒருவரையும், பத்து கிலோ நூலையும் கொடுங்கள். என்ன பின்னப் போகிறீர்கள், எந்த டாக்டரிடம் கேட்டீர்கள், எப்படிச் சோதிப்பீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். முதல் சில ஞாயிறுகளில் துணி வீணாகும். ஷேட் மாறிய ஒரே ஒரு லாட்டில் நீங்கள் இழப்பதைவிட அது குறைவு. உருப்படியாக ஒன்று வந்துவிட்டால் மாதிரியை எடுத்துக்கொண்டு அவர்களோடு நீங்களும் சிட்ராவுக்குப் போங்கள்.